ராக்காவின் கழுத்தில் தொங்கிய ஜன்னல்

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீடு. அதன் மேல்மாடி அறையில் வட்டமான ஒரு ஜன்னல். வட்டத்துக்குள் மரச்சட்டங்கள் சாய்சதுரமாகக் குறுக்கே ஓடும். சீசர் என்ற குட்டிச் சிம்பன்சி அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. பிறகு அக்கம்பக்கத்துச் சண்டை ஒன்றில் ஒருவரைக் கடித்துவிட, காப்பகம் என்ற பெயரில் நடக்கும் சிறைக்குப் போகிறது. அங்கே ஜன்னல் இல்லை. கூண்டுச் சுவரில் அந்த வட்டத்தையும் சட்டங்களையும் தன் கையால் வரைந்துகொள்கிறது. வீடு இனி இல்லை என்று புரிந்ததும் தானே அதை அழித்துவிடுகிறது. 2011இல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் காட்சிகள் இவை.

2024இல் வந்த 'கிங்டம் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' கதையில், சீசர் இறந்து பல தலைமுறைகள் கடந்துவிட்டன. ராக்கா என்ற ஒராங்குட்டான் தனியாக ஒரு பாழடைந்த கட்டடத்தில் வாழ்கிறார். சீசரின் நெறியைக் காப்பவர்களில் மிஞ்சியவர் அவர். கழுத்தில் ஒரு சின்னம் தொங்குகிறது. வட்டம், உள்ளே சாய்சதுரச் சட்டங்கள். அது ஒரு வீட்டு ஜன்னல் என்று படத்தில் யாருமே சொல்வதில்லை. ஒரு குழந்தையின் வீட்டு ஏக்கம் ஒரு சமயத்தின் அடையாளமாகிவிட்டது. ஏக்கம் மறந்துபோய் வடிவம் மட்டும் கழுத்தில் கிடக்கிறது.

ஐம்பத்தாறு ஆண்டுகளில் பத்துப் படங்கள். நெடுங்காலமாக இந்தத் தொடரை வெறும் முகமூடிக் குரங்குகளின் சாகசமாகவே பலர் பார்த்தார்கள். கூர்ந்து பார்த்தால், ஹாலிவுட்டின் நீண்ட அறிவியல் புனைவுத் தொடர்களில் சமயத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாக யோசித்தது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அதன் கேள்வி ஒன்றுதான். ஒருவர் ஒரு நெறியைத் தந்துவிட்டுப் போகிறார். அது யாருக்கெல்லாம் பொருந்தும், அந்த எல்லையைக் கீறுவது யார்?

கதையின் விதை பிரான்சில் பிறந்த பியர் பூல் 1963இல் எழுதிய நாவல். அதன் தலைப்பில் உள்ள 'சேன்ஜ்' என்ற பிரெஞ்சுச் சொல், தமிழின் 'குரங்கு' போலவே, வாலுள்ளதையும் வாலில்லாததையும் சேர்த்தே குறிக்கும். பூல் பொறியியல் படித்தவர். 1930களில் பிரிட்டிஷ் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். போர்க்காலத்தில் இந்தோசீனாவில் பிடிபட்டு, கடுங்காவல் தண்டனை பெற்று, பின்பு தப்பினார். சயாம் மரண ரயிலைப் பின்னணியாக வைத்து அவர் எழுதிய 'குவாய் நதிப் பாலம்' உலகப் புகழ் பெற்றது. அந்த ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். ஆனால் கதை பிரிட்டிஷ் கைதிகளைச் சுற்றியே நடக்கிறது. ஒரு துயரக் கதையில் யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படுவதில்லை என்ற கேள்விக்கு, பூலின் முதல் புகழே ஒரு சாட்சியாக நிற்கிறது.

1968இல் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கத்தில் முதல் படம் வந்தது. ராட் செர்லிங்கும் மைக்கேல் வில்சனும் திரைக்கதை எழுதினார்கள். வில்சன் அமெரிக்காவின் கம்யூனிச வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். 'குவாய் நதிப் பாலம்' படத்தின் திரைக்கதையை கார்ல் ஃபோர்மனோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். ஆனால் பட்டியல் காரணமாக ஆஸ்கர் பரிசு பூலின் பெயருக்குப் போனது. வில்சன் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே அந்தப் பரிசு அவர் பெயருக்கு வந்தது. சிரா என்ற சிம்பன்சி விஞ்ஞானியாக நடித்த கிம் ஹன்டரும் அதே பட்டியலில் அடிபட்டவர். முதல் படத்தின் விசாரணைக் காட்சியில் இருக்கும் வெப்பம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விண்வெளி வீரன் டெய்லர் குரங்கு நீதிமன்றத்தில் நிற்கிறான். மூன்று ஒராங்குட்டான் நீதிபதிகள். அவன் பேசுகிறான், எழுதுகிறான், வாதாடுகிறான். ஒன்றும் செல்லுபடியாகவில்லை. இவன் மனிதன், ஆகவே குரங்குச் சட்டத்தில் இவனுக்கு உரிமையே கிடையாது என்கிறது அரசுத் தரப்பு. மனிதனுக்கு ஆன்மா இல்லை என்பது அவர்களுடைய மறை. குரங்குக்கு முன்னோர் மனிதராக இருந்திருக்கலாம் என்று ஆராய்ந்த இளம் விஞ்ஞானிகள் மீது தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு. இது வெறும் கற்பனை அல்ல. பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்ததற்காக 1925இல் டென்னசி மாநிலத்தில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது நடந்த வழக்கை அமெரிக்கர்கள் 'குரங்கு வழக்கு' என்றே அழைத்தார்கள். அத்தகைய தடை ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இன்னும் உயிரோடு இருந்தபோதுதான் இந்தப் படம் திரைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

டெய்லராக நடித்தவர் சார்ல்டன் ஹெஸ்டன். 1956இல் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் மோசேயாக நின்று கற்பலகைகளைக் கொண்டுவந்தவர். நெறியைத் தந்தவராக உலகம் அறிந்த முகம், வேறொரு நெறியின் முன்னால் ஆன்மா இல்லாத விலங்காக நிற்கிறது.

வில்லன் என்று நாம் எண்ணும் டாக்டர் ஜையஸ், அறிவியல் அமைச்சராகவும் மறையின் தலைமைக் காவலராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். முதல் முறை பார்ப்பவருக்கு அவர் உண்மையை ஒளிக்கும் பூசாரி. கடைசிக் காட்சிக்குப் பிறகு அப்படிச் சொல்லிவிட முடியாது. மனிதன் பேராசையாலும் கொலை வெறியாலும் தன் வீட்டையே பாலைவனமாக்குவான் என்று அவருடைய புனிதச் சுருள் எச்சரிக்கிறது. கடற்கரை மணலில் பாதி புதைந்து நிற்கும் சுதந்திர தேவி சிலை அந்த எச்சரிக்கை உண்மை என்று காட்டிவிடுகிறது. ஆக, மறை சொன்ன தகவல் சரி. தவறு வேறிடத்தில் இருக்கிறது. மனிதகுலம் செய்த குற்றத்துக்காக, கண்முன் நிற்கும் ஒரு மனிதனைக் கேளாமலே தள்ளியதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறவர்கள்தான் முதல் படத்தை 'மதத்துக்கு எதிரான படம்' என்று சுருக்கிவிடுகிறார்கள்.

இடையில் வந்த நான்கு படங்களில் 1970இன் இரண்டாம் படம் ஒரு படிமத்துக்காக நினைவில் நிற்கும்: நியூயார்க்கின் புதைந்த தேவாலயத்தில் அணுகுண்டைக் கும்பிடும் மனிதர்கள். 1972இன் நான்காம் படம் வேறொரு காரணத்துக்காக முக்கியம். அதில் அடிமைக் குரங்குகளின் தலைவன், பழைய தொடரின் சீசர், கலகம் செய்து வென்ற இரவில் ஓர் உரை ஆற்றுகிறான். முதலில் எடுத்தபடி அது பழிவாங்கலோடு முடிந்தது. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் அதிர்ந்துபோனதால், நடிகர் ராடி மெக்டவலை மறுபடி பேசவைத்து, கருணையை நோக்கித் திரும்பும் சில வரிகளை ஒட்டினார்கள். பழைய முடிவு பல ஆண்டுகளுக்குப் பிறகு ப்ளூ-ரே வட்டில் வெளிவந்தது. தலைவனின் உரைக்கே இரண்டு பாடங்கள்! எந்தச் சமயத்தின் ஏட்டுச் சுவடிக்கும் பாடபேதம் உண்டு. இங்கே அது எப்படி நேர்ந்தது என்பதே கண்ணெதிரில் இருக்கிறது.

2001இல் டிம் பர்ட்டன் எடுத்த மறு ஆக்கத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. ஒப்பனை அபாரம், யோசனை மெலிவு. வானிலிருந்து இறங்கும் ஒரு சாதாரண ஆய்வகச் சிம்பன்சியைத் தங்கள் முதல் தெய்வம் திரும்பிவிட்டதாக எண்ணிக் குரங்குப் படை மண்டியிடும் காட்சி மட்டும் நல்லது. அந்த விதையை வளர்க்காமல் படம் நகர்ந்துவிட்டது.

உண்மையான மறுபிறப்பு 2011இல்தான். ரூபர்ட் வயட் இயக்கிய அந்தப் படத்தில் உயிருள்ள குரங்கு ஒன்றுகூட நடிக்கவில்லை. ஆண்டி செர்க்கிஸின் முகமும் உடலும் கணினி வழியே சீசராயின. குரங்கின் அடிமைத்தனத்தைப் பற்றிய படத்துக்குக் குரங்குகளைச் சங்கிலியில் கட்டிப் பழக்கவில்லை என்பது தொழில்நுட்பச் செய்தி மட்டுமல்ல, அறம் சார்ந்த முடிவும்கூட. அந்தப் படத்தில் சீசர் முதன்முதலாக வாய் திறந்து 'வேண்டாம்' என்று கத்தும்போது திரையரங்குகள் உறைந்தன.

அதுவரை 'அது' என்று எழுதிவந்த தமிழ்ப் பேனா அந்த இடத்தில் தயங்கும். சீசர் அதுவா, அவனா? வேறு பல மொழிகளைவிடத் தமிழில் இந்தக் கேள்வி கூர்மையானது. உயர்திணையா அஃறிணையா என்று முடிவு செய்யாமல் தமிழில் படர்க்கையில் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க இயலாது. தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணை என்கிறது. நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனாலும் இலக்கணம் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. மகிழ்ச்சியிலும் சினத்திலும் இழிவுபடுத்தும்போதும் திணை மாறிப் பேசுவது மக்கள் இயல்பு என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. ஆசையாய் வளர்த்த பசுவை 'அம்மா வந்துவிட்டாள்' என்று சொல்லலாம். அன்பு ஓர் உயிரை மேலே தூக்கும், கோபம் கீழே தள்ளும். இந்தத் தொடரின் கடைசி நான்கு படங்களும் இந்த இரண்டு அசைவுகளைப் பற்றியவையே.

சீசரின் சமூகம் காட்டில் ஒரு நெறியை எழுதி வைக்கிறது: குரங்கு குரங்கைக் கொல்லாது. 2014இல் மாட் ரீவ்ஸ் இயக்கிய 'டான்' படத்தில் மாரிஸ் என்ற ஒராங்குட்டான் அதைக் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. 1968இல் மறையைப் பூட்டிவைத்த ஜையஸாக நடித்தவர் மாரிஸ் எவன்ஸ். அவர் பெயரையே இந்த ஆசிரியருக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த நெறியை முதலில் மீறுவது கோபா. ஆய்வகத்தில் சித்திரவதைப்பட்ட குரங்கு. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று சீசர் சொல்லும்போது, கோபா தன் உடம்பின் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இதுதான் மனித வேலை என்கிறான். தொடரிலேயே நேர்மையான வாதம் அது. பிறகு அவன் சீசரைச் சுடுகிறான், பழியை மனிதர் மேல் போட்டுப் போரை மூட்டுகிறான். கடைசியில் உயரமான ஒரு கோபுரத்தின் விளிம்பில் சீசரின் கையைப் பிடித்துத் தொங்குகிறான். குரங்கு குரங்கைக் கொல்லாது என்று சீசரின் நெறியையே சீசருக்கு நினைவூட்டுகிறான். நீ குரங்கே இல்லை என்கிறான் சீசர். கையை விட்டுவிடுகிறான்.

1973இல் வந்த ஐந்தாம் படத்திலும் இதே கட்டம் உண்டு. அங்கே ஆல்டோ என்ற கொரில்லா சண்டையின் நடுவே மரத்திலிருந்து விழுந்து சாகிறான், சீசரின் கை ஓரளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. 2014இன் படம் அந்தத் தப்பும் வழியை அடைத்துவிட்டது. இங்கே நெறியை எழுதியவனே, நெறியை ஓர் எழுத்தும் மாற்றாமல், அதற்கு உட்பட்டவர்களின் பட்டியலை மட்டும் மாற்றிக் கொன்றுவிடுகிறான். 1968இன் நீதிமன்றம் டெய்லருக்குச் செய்தது இதையேதான். இவன் நம்மவன் இல்லை, ஆகவே நெறி இவனைக் காக்காது. ஜையஸின் தீர்ப்பையும் சீசரின் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தைத் தொடரின் நாயகன் வாயிலேயே வைத்த துணிவுக்காகவே, மறுவருகைப் படங்களில் 'டான்' முதலிடத்தில் நிற்கத் தக்கது.

2017இன் 'வார்' சற்று நீண்ட படம். விவிலியச் சாயல் சில இடங்களில் அழுத்தமாகப் பூசப்பட்டிருக்கிறது. அடிமை முகாம், வெளியேற்றம், புதிய நிலத்தைக் கண்டுவிட்டு அதன் வாசலில் இறக்கும் தலைவன். ஆனால் நடுவில் ஒரு நல்ல யோசனை ஓடுகிறது. மனிதரின் பேச்சைப் பறிக்கும் ஒரு நோய் பரவுகிறது. பேச்சிழந்தவன் மனிதனே இல்லை என்று முடிவுகட்டிய ராணுவ கர்னல், நோய் தாக்கிய சொந்த மகனையே கொன்றவர். சீசர் கோபாவிடம் சொன்னதை அவர் தன் மகனிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதே படத்தில் கோபாவின் நினைவு சீசரை இரவும் பகலும் விரட்டுகிறது.

பிறகு அந்தச் சிறிய காட்சி. பேச முடியாத ஒரு மனிதச் சிறுமி குரங்குகளோடு வந்து சேர்கிறாள். மாரிஸ் அவளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறது. நானும் குரங்கா என்று அவள் சைகையால் கேட்கிறாள். ஆம் என்று சொல்லியிருந்தால் அது அன்பு, இல்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மை. மாரிஸ் இரண்டையும் சொல்லவில்லை. நீ நோவா என்று ஒரு பெயரைத் தருகிறது. திணையைக் கேட்டவளுக்குப் பெயரே விடை. கோபுர விளிம்பில் சீசர் தவறவிட்ட பதில் இது.

கையால் பேசும் குரங்கு கற்பனை அல்ல. முதல் படம் 1967இல் படமாக்கப்பட்ட நாட்களில், நெவாடா மாநிலத்தின் ரீனோவில் ஆலன், பீட்ரிக்ஸ் கார்ட்னர் தம்பதி வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளைப் பயன்படுத்தினாள். அதை மொழி என்று சொல்லலாமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி வந்தது. டாமி என்ற சிம்பன்சியைக் கூண்டிலிருந்து விடுவிக்கக் கேட்ட வழக்கில், சிம்பன்சியால் சட்டக் கடமைகளைச் சுமக்க முடியாது, ஆகவே அதற்குச் சட்ட உரிமையும் இல்லை என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொன்னது. ஜையஸின் மன்றத்தைத் திருப்பிப் போட்டது போன்ற தீர்ப்பு. 2018இல் மாநிலத்தின் உச்ச அமர்வும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் நீதிபதி யூஜின் ஃபேஹி தனியே ஒரு கருத்துரை எழுதினார். சிம்பன்சி 'நபர்' இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் அது வெறும் பொருள் இல்லை என்பதில் ஐயமில்லை என்ற பொருள்பட எழுதிய அந்த உரை, திணைப் பிரிவினையின் சுவரில் விழுந்த ஒரு கீறல். அர்ஜென்டினாவில் சான்ட்ரா என்ற ஒராங்குட்டானை மனிதரல்லாத நபர் என்று நீதிமன்றம் ஏற்றது. 2019இல் அவள் ஃபுளோரிடாவில் உள்ள சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுபடி ராக்காவிடம் வருவோம். 'கிங்டம்' வெளிவந்தபோது, சீசர் இல்லாத சீசர் கதை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அது தவறான எடை. சீசர் இல்லாததுதான் படத்தின் பொருளே. ப்ராக்ஸிமஸ் என்ற மன்னன் சீசரின் பெயரையும் சூட்டிக்கொண்டு, குரங்குகள் ஒன்றுசேர்ந்தால் பலம் என்ற சீசரின் வாக்கைப் பிசகாமல் முழங்குகிறான். அந்த வாக்கைச் சொல்லியே பிற குலங்களை அடிமையாகப் பிடித்து வேலை வாங்குகிறான். ராக்காவுக்கோ எதுவும் முழுதாகத் தெரியாது. சேர்த்துவைத்த பழைய புத்தகங்களைப் படிக்கத் தெரியாது. ஆனால் பசியோடு பின்தொடரும் ஒரு மனிதப் பெண்ணுக்குச் சோறும் போர்வையும் கொடுக்கச் சொல்வது அவர்தான். அவளை நோவா என்று அழைக்கிறார். எல்லா மனிதருக்கும் அந்தப் பெயரையே வைப்பது வழக்கமாம், ஏனென்று அவருக்குத் தெரியாது.

பார்ப்பவருக்குத் தெரியும். மாரிஸ் ஒரு சிறுமிக்குத் தந்த பதில், காரணம் உதிர்ந்து, கதை உதிர்ந்து, பழக்கமாக மட்டும் தலைமுறை தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லைப் பிழையில்லாமல் காத்தவன் கொடுங்கோலன். சொல்லை அரைகுறையாக அறிந்தவரிடம்தான் நெறி உயிரோடு இருக்கிறது. மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்துச் சமயங்களை எடைபோடுகிறவர்கள் ராக்காவையும் ப்ராக்ஸிமஸையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பட்டியலை யார் நீட்டுகிறார்கள், யார் சுருக்குகிறார்கள் என்பதே சரியான தராசு. ராக்காவின் தட்டுதான் தாழ்கிறது.

படம் அவரைப் பாதியிலேயே ஆற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சின்னம் நோவா என்ற இளம் சிம்பன்சியின் கைக்கு வருகிறது. (அவன் பெயர் எழுத்தில் வேறு, தமிழில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன.) கடைசியில் அந்தப் பெண் (அவளுடைய உண்மைப் பெயர் மே) விடைபெற வருகிறாள். வழியில் அவளும் கொன்றிருக்கிறாள், பொய் சொல்லியிருக்கிறாள். இரண்டு இனமும் சேர்ந்து வாழ முடியுமா என்ற கேள்விக்கு அவர்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. இளைஞன் ராக்காவின் சின்னத்தை அவளுக்குக் கொடுக்கிறான். அவள் ஒரு கையால் அதை வாங்கிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் மற்றக் கையில் துப்பாக்கி இருக்கிறது. அவள் சுடவில்லை.